இருபதுக்கு நாலு

மூணாவது வார்த்தையிலேயே பையன் கவிழ்ந்துவிட்டான். 'முயற்சி' என்று பள்ளிக்கல்வி ஆய்வாளர் சொன்னதை 'முயர்ச்சி' என்று எழுதி வைத்திருந்தான். அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்தபோது அவருக்கு வயிறு குளிர்ந்தது.

பின்னே? பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்கிறேன் என்று இந்த அம்மா வருஷா வருஷம் அனுமதி வாங்கிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் இவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நீளும். இல்லையென்றால் திங்கட்கிழமை ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஸ்கூலில் இருந்தவரைக்கும் 'சொல்வதெழுதுதல்' நாளெல்லாம் பெண் காலையிலேயே வாந்தி எடுத்தாள் என்று மனுவில் எழுதியிருந்தது. செல்லம் கொடுத்தால் வாந்திதான் வரும் என்பது ஆய்வாளர் கட்சி. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டியிருந்தார்.

ஃபைலில் ஒரு பெண், வயது ஒன்பது. ஒரு பையன், வயது எட்டு. மேஜையில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருந்தார்கள். தலையை எண்ணினார், சரியாகப் போயிற்று.

மேஜை முழுக்க மரத்தில் அறுத்த எழுத்துகள். தச்சு வேலை பார்க்கும் அப்பா செய்து கொடுத்ததாம். கொம்பு ஒரு கட்டை, கால் ஒரு கட்டை. 'கொ' வேண்டுமென்றால் 'க'வுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கையால் கோக்க வேண்டும். போதாக்குறைக்கு எழுதிப் பார்க்க ஒரு தட்டு நிறைய மணல் வேறு. இதெல்லாம் ஒரு படிப்பா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

பெண் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "வாங்க" என்றுவிட்டு மறுபடியும் மணலில் விரலை ஓட்டினாள். பையன்தான் விறைப்பாக எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்று இழுத்தான். உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தான். தண்ணீர் குடிக்கக்கூட விரலைத் தூக்கிக் கேட்டான். இவனிடமாவது கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறதே என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார்.

தேர்வு ஆரம்பிக்கும் முன்னால் அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சார், ஒண்ணு சொல்லிடறேன்..."

அவர் விடுவாரா? காய்ச்சல், கூச்ச சுபாவம், நேற்று சரியாகத் தூங்கவில்லை என்று எத்தனை சாக்கு கேட்ட மனுஷன். "நான் எழுதி முடிச்சு சீல் வைக்கிற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா அனுமதி இல்லைன்னு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. நீங்க சொல்ற வரைக்கும் பேசல" என்று கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் அப்பா யாரிடமோ பேசிக்கொண்டே ரம்பம் இழுக்கிற சத்தம் கேட்டது.

மொத்தம் இருபது வார்த்தை. பெண் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, மேஜைமேல் விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு எழுதினாள். இருபதும் சரி. பையன் பேனா மூடியைக் கடித்ததுதான் மிச்சம். 'நிழல்' 'நிளல்' ஆயிற்று, 'கிழமை' 'கிளமை' ஆயிற்று. இருபதுக்கு நாலு.

ஆய்வாளர் வெளுத்து வாங்கினார். பெண் எங்கே போட்டாலும் முளைக்கிற ரகம், அதில் இந்தக் கட்டைகளுக்கு ஒரு பங்கும் கிடையாது, இந்தப் பையனைப் பார்த்தால்தான் உங்கள் வண்டவாளம் தெரிகிறது என்றார். பையன் தலை மேஜையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்துவிட்டது. அந்த அம்மா பேசாமல் வந்து அவன் முதுகில் கையை வைத்தாள். பார்வை மட்டும் ஆய்வாளரை விட்டு நகரவில்லை.

பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவனைத் திட்டாதீங்க சார். தப்பு அவன் மேல இல்ல, சொல்லிக் குடுத்தவங்க மேல."

"கேட்டீங்களா? உங்க பொண்ணே சொல்லுது" என்று ஆய்வாளர் பூரித்துப்போனார்.

அந்த உற்சாகத்தில் அறிக்கையை விறுவிறுவென்று எழுதினார். சிறுமி மிகச் சிறப்பு. சிறுவன் நிலை பரிதாபம். குற்றம் முழுக்க முழுக்க இவனுக்குக் கற்பிப்பவர்களுடையது. அவர்களிடம் இனி ஒரு பிள்ளையையும் ஒப்படைக்கலாகாது. மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, சீலை ஓங்கிக் குத்தினார்.

அப்புறம் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. திங்கட்கிழமையே பையனைத் தெருமுனை ஸ்கூலில் சேர்த்துவிடச் சொன்னார். சிறந்த பள்ளி என்று போன மாதம் அவரே அவர்களுக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார், மூணே மாதத்தில் இவனை ஆளாக்கிவிடுவார்கள் என்றார்.

அந்த அம்மா தன் பிரதியை வாங்கினாள். ஒரு வரி விடாமல் படித்தாள். நாலாக மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே, இப்ப சொல்லுங்க" என்றார் ஆய்வாளர் பெருந்தன்மையாக.

"எங்க பையன் பின்னால அவங்க அப்பாகூட ரம்பம் இழுத்துக்கிட்டிருக்கான். இவன் பக்கத்து வீட்டுப் பையன் சார். மூணு வருஷமா அந்த ஸ்கூல்லதான் படிக்கிறான்."