நீல மெத்தை

என் மனைவி தவமணிக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. எங்கள் பூனை புட்டுவை மட்டும் எடுக்கச் சொல்வாள். "எங் கை காலெல்லாம் விழுந்துராம பாத்துக்கோங்க" என்பாள். அதனால் புதுக் கேமரா வாங்கிய அன்றே அதில் 'பூனை மட்டும்' என்று அமைத்தேன். கூட விழுகிற ஆளை அது எடுக்கும்போதே நீக்கி, அந்த இடத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்பிவிடும். ஒன்பது வருடம் அப்படியே விட்டிருந்தேன்.

அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றாள் அவள் தங்கை கோகிலா. கல்யாணப் படத்தில் தவமணிக்கு இருபது வயது. வருகிறவர்களுக்கு அடையாளம் தெரியாது. கேமராவில் இருந்த நாலாயிரம் படங்களிலும் புட்டு மட்டுமே இருந்தது. பலவற்றில் யாரும் இல்லாத பக்கமாகத் தலையைத் தூக்கிக் கண் சொக்கியிருந்தது.

அது நீல மெத்தையில் தூங்குகிற படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன்.

கோகிலா மாலையோடு நின்றாள். "என்ன அத்தான், பூனைக்கா மால போடச் சொல்லுதீங்க?"

"நம்ம வீட்ல நீல மெத்த எப்ப இருந்துச்சு? அது உங்க அக்கா மடி. அன்னைக்கு நீலச் சேல கெட்டியிருந்தா. கேமரா அத மெத்தயாக்கிட்டு."

கோகிலா வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். பிறகு மாலையை நடுவில் விழும்படி போட்டாள். பூவுக்குள் பூனை மறைந்தது. நீலம் மட்டும் தெரிந்தது.