பால்கனிக்கு ஒரு முட்டு

“வந்த சனமெல்லாம் சிரிக்குது, அந்த முட்டுக்கம்பை எடுங்கன்னா...”

“அது நிக்கட்டும்னு சொல்றேன்ல...”

“கான்கிரீட்டுக்கு அடிச்ச பலகையெல்லாம் பிரிச்சு எத்தனை மாசமாச்சு! கிரகப்பிரவேசத்தன்னைக்கும் இது நிக்கணும்னு வேண்டுதலா?”

சுகந்தி புது பால்கனிக்கு அடியில் நின்ற சவுக்குக் கம்பை அசைக்கப் போனாள். தனபால் பாய்ந்து வந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

“கான்கிரீட் போட்ட அன்னைக்கு, ஆளுக்கொரு சட்டி கொட்டணும்னு உங்க சனம் அத்தனையும் ஏறி மிதிச்சுதே, பால்கனியைத் தாங்குற மேல்கம்பி அப்படியே கீழே அமுங்கிப் போச்சுடி, இந்த முட்டு இல்லேன்னா பால்கனி நிக்காது. நான் பார்த்தேன்.”

“பார்த்துட்டு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?”

“முதல்ல ஏறினது உங்கண்ணன். அவரை இறங்குங்கன்னு சொல்லியிருந்தா, நீ என்னைச் சும்மா விட்டிருப்பியா?”

கம்பை அசைக்க நீண்ட சுகந்தியின் கை, அவளை அறியாமலே அதை இறுகப் பற்றிக்கொண்டது. அப்போது தலைக்கு மேலே காலடியும் சிரிப்புமாக ஒரு கூட்டம் பால்கனிக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, புருசனும் பொண்டாட்டியும் கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு? அதைத் தட்டி விட்டுட்டு மேலே வாங்க, போட்டோவுக்கு எல்லாரும் நிக்கிறோம்!”