தாலி ஊக்கு

மூளையில் ரத்தம் கசிந்து பிழைத்து வந்த எட்டாம் மாதம் வேதவல்லிக்குக் கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன.

"தலையில வந்தது காலுக்கு எப்படி எறங்கும்? எல்லாம் வேஷம்" என்ற நாத்தனார் ரங்கநாயகி, தன் தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அவள் பாதத்தில் குத்தினாள். ரத்தம் பொட்டாகத் திரண்ட பிறகுதான் குத்தியதே வேதவல்லிக்குத் தெரிந்தது.

"அழுத்தத்தைப் பாரேன். மூஞ்சிகூடச் சுளிக்கல." அடுத்தது கணுக்கால். பிறகு கெண்டைச்சதை. வேதவல்லியின் புருஷன் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தினால் விட்டுவிடுவாள் என்று வேதவல்லிக்குத் தோன்றியது. கண்கொட்டாமல் ஊக்கையே பார்த்திருந்து, அது முழங்காலுக்கு வந்ததும் "ஐயோ அம்மா" என்று அலறினாள்.

ரங்கநாயகி ஊக்கைத் தூக்கித் தம்பியிடம் காட்டினாள்.

"இன்னும் குத்தவேயில்லடா."