தடுப்புக் கண்ணாடி

பெட்டை மீனுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது.

நாலடி நீளத் தொட்டியின் நடுவே ஜன்னல் கண்ணாடி ஒன்றை இறக்கி, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, அருள்ஜோசப் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அப்படியொரு திருப்தி. அவர் பெண்சாதி லூர்தம்மாள் வாசலைப் பார்த்தாள்.

வாசலில் கோவிந்தனின் ஜட்கா வண்டி நின்றது. சலேத்மேரியின் தகரப் பெட்டி அதில் ஏறிவிட்டது. நாலு மணி பஸ்ஸில் மகள் மத்தூருக்குப் போக வேண்டும், யேசுராஜிடம். அவள் புருஷன் அவன். அவள் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்ததும் லூர்தம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். தாடை வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அருள்ஜோசப்பும் பார்த்தார்.

"குடும்பம்னா நாலு அடி விழத்தான் செய்யும். அனுசரிச்சுப் போவணும்" என்றார்.

அவ்வளவுதான். மகள் பேச்சு அதோடு முடிந்தது. மீன் பேச்சு மட்டும் முடியவில்லை.

அணை வேலையில் ஃபிட்டர் அவர். கிருஷ்ணகிரி அணை கட்டி முடியாத காலம் அது. மண்டபம் ஊரிலிருந்து யாரோ குடத்தில் கொண்டுவந்த சிலோன் மீனில் ஒரு ஜோடி அவர் கைக்கு வந்தது. அவரே இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, தொட்டி செய்து கூடத்தில் வைத்தார். பின்னாளில் ஜனங்கள் ஜிலேபிக்கெண்டை என்று பேர் வைத்தார்களே, அதுதான்.

ஆண் ஒன்றரைச் சாண் இருக்கும். உடம்பெல்லாம் கறுத்து, தொட்டி முழுக்கத் தனக்கே என்கிற திமிர். கூட விட்ட கெண்டைக் குஞ்சுகளை ஒன்று விடாமல் அடித்துக் கொன்றது. பிறகு பெட்டையைப் பிடித்துக்கொண்டது. வாலைக் கிழித்தது. செதிலைப் பிய்த்தது. பெட்டை ஓட்டுத் துண்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இரை எடுக்காமல் கிடந்தது.

அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை! வாயிலேயே முட்டையை வைத்து அடைகாக்கிறது, பட்டினி கிடக்கிறது, இந்த நேரத்தில் அடி தாங்குமா என்று மூன்று நாளாக ஒரே புலம்பல். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குந்திவிடுவார்.

சலேத்மேரியும்தான் சாப்பிடவில்லை. கேழ்வரகுக் கூழ்கூட உள்ளே இறங்கவில்லை. அவள் வாயில் முட்டை ஒன்றும் இல்லை, இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது. ஏனென்று கேட்க நாதியில்லை.

காலையில் லூர்தம்மாள் வாய்விட்டே கேட்டாள், பிள்ளை இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே என்று. அவர் அவளுடைய இடது பக்கம் நின்று ஏதோ முணுமுணுத்தார். வழக்கம்போல் அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். இடது காது அவளுக்குக் கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துக் கெட்டுப்போனதாக மகளிடம் சொல்லியிருந்தாள்.

கட்டிக்கொடுத்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யார் முகத்தில் முழிப்பது என்று கேட்டார் அவர்.

வெளியிலிருந்து கோவிந்தன் குரல் கொடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாயிற்றாம்.

சலேத்மேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். கிளம்பும்போது முழங்காலிட்டு அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்குவது வழக்கம். நெற்றியில் சிலுவை போட அருள்ஜோசப் கையைக்கூடத் தூக்கிவிட்டார்.

அவள் அவரைத் தாண்டிப் போனாள். தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை உருவி எடுத்தாள்.

கறுப்பு மீன் ஒரு நொடி திகைத்து நின்றது. பிறகு பாய்ந்தது.

"அடியே, கொன்னுடுவான்டி அவன்!" என்று அருள்ஜோசப் அலறினார்.

"உடுப்பா" என்றாள் சலேத்மேரி. மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. வீங்கிய வாயில் வார்த்தை குழறியது. "குடும்பம்னா நாலு அடி விழத்தான் செய்யும்."

சொட்டச் சொட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள்.

அருள்ஜோசப் சட்டைக் கையோடு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுப் பெட்டையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். ஆண் அவர் மணிக்கட்டில் முட்டியது. மறுபடியும் முட்டியது. பெட்டையை வெளியே தூக்கினால் வாயிலிருக்கும் முட்டையைத் துப்பிவிடும். கையை எடுத்தாலோ அது செத்தது. மனுஷர் அப்படியே மாட்டிக்கொண்டார்.

"லூர்து, அந்தக் கண்ணாடியக் குடு! குடுடி சீக்கிரம்!"

அவர் நின்றது அவளுடைய இடது பக்கம். லூர்தம்மாள் இந்தத் தடவை தலையைத் திருப்பவில்லை.

சீழ் வைத்ததெல்லாம் பொய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் இப்படித்தான் முகம் வீங்கி, நாகரசம்பட்டியில் அப்பா வீட்டுக்குப் போனாள். அப்பா மூன்றாம் நாள் ஒரு புதுச்சேலை எடுத்துக் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு, அனுசரித்துப் போகச் சொல்லி வண்டி ஏற்றிவிட்டார். திரும்பி வந்த அன்றைக்கு அருள்ஜோசப் விட்ட அறையில் போனதுதான் அந்தக் காது.

அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

லூர்தம்மாள் கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போய், பெட்டியை இறக்கச் சொன்னாள் கோவிந்தனிடம்.