வருஷத்துக்கு ஒரு இஸ்திரி

“இந்த கவுன் என்னிக்கு ஏறலையோ, அன்னிக்கு நான் மேடையும் ஏறமாட்டேன். சொல்லிட்டேன்.”

மனைவி அதை அலமாரியிலிருந்து எடுத்தாள். கரும்பச்சைப் பட்டு. கழுத்துக்குள் அந்தக் காலத்துப் பெரிய டிசைனர் ஒருவரின் பெயர். கல்யாணமான புதிதில், பழைய துணிக் கடை ஒன்றில் இருவருமாகக் கண்டெடுத்தது. விளக்கடியில் அது பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாது. அதைப் போட்டால் அவள் நிற்பதே வேறு மாதிரி. வருஷத்தில் ஒரு மாலை, அதில்தான் மேடையேறிப் பாடுவாள்.

தையல்காரரான கணவர் முந்திக்கொண்டார். “இரு. இஸ்திரி போட்டுத் தரேன், அப்புறம் போட்டுப் பாரு.”

“வருஷா வருஷம் இதே பாட்டு.”

“பட்டாச்சே. நீ போட்டா கருக்கிடுவ.”

“சரிதான், எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஆனா உடம்பப் பாருங்க, கல்யாணத்துல இருந்த மாதிரியே இருக்கு. கூடப் பாடுறவளுங்களுக்கு வயித்தெரிச்சல்.”

அவர் பின்னால் வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார். போன வருஷம் அவருடைய வலது கை, சுற்றிவந்து தன் இடது முழங்கை வரை போயிற்று. இந்த வருஷம் இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அவளை அளக்க அவருக்கு டேப் வேண்டியதில்லை.

“இந்த வாரம் வந்தா மட்டும் எங்கிருந்துதான் வருதோ பாசம்,” என்றாள்.

“வரக்கூடாதா?”

“வரட்டும், வரட்டும்.” கவுனை மடித்து அவர் கையில் வைத்தாள். “பின்னாடி தரையில இழுபடுற வால் பத்திரம். போன தடவை மிதிச்சு விழப் பாத்தேன். மடிச்சுக் குத்தியிருக்கேன்.”

வாலா இப்போது கவலை?

கடைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்த துணியில் கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி தைத்து, அதன் பிறகுதான் இஸ்திரி. அவளுக்குத் தெரியாது. ஆனால் போன வருஷமே ஓரம் வரை விட்டாயிற்று. இனி விட உள்ளே துணி இல்லை. இந்தப் பட்டை இப்போது யாரும் நெய்வதும் இல்லை.

மேடை போனால் சமையலறையில் பாடுவதையும் நிறுத்திவிடுவாள். அவளை அவருக்குத் தெரியும்.

கவுனை உள்புறமாகத் திருப்பினார்.

பக்கத் தையலை ஒட்டி ஒரு ஊக்கு. அதில் நாலாக மடித்த துணி. எடுத்து விரித்தார். அதே கரும்பச்சைப் பட்டு. சமையலறைக் கத்திரியால் கோணல்மாணலாக வெட்டியது.

பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். அங்கே மடிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. வாலே இல்லை.

துணியை ஒரு முறை அளந்தார். இன்னும் பத்து வருஷத்துக்குத் தாராளமாக வரும்.