இரண்டு மெஷின்கள்

மடிக்கணினித் திரையில் புள்ளிகள் இரண்டு குவியலாகப் பிரிந்திருக்கின்றன. இடப்பக்கம் கணையப் புற்றுநோயாளிகளின் ரத்தம், வலப்பக்கம் நலமானவர்களின் ரத்தம். நடுவே ஒரு புள்ளிகூட வழிதவறி நிற்கவில்லை. அதுதான் ஜஹனாராவை உறுத்துகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதருடைய மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதன் சுருக்கம். மனிதர்கள் இத்தனை ஒழுங்காகப் பிரிய மாட்டார்கள். அவளுடைய முனைவர் பட்டமே இந்தப் பிரிவை நம்பி இருக்கிறது. உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது. பக்கத்து வீட்டுத் தறி அடிக்க அடிக்க மேசைமேல் ஆடை படிந்த டீ நடுங்குகிறது. ஜன்னல் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறாள்.

போன் ஸ்பீக்கரில் சென்னை ஆய்வகத்து சத்யப்ரியா சிரிக்கிறாள். "ரிசல்ட் நல்லா வந்தாலும் அழுதுக்கினு இருப்பியாம்மா நீ?"

"சிரிக்காதடி. சாம்பிளை எல்லாம் எந்த மெஷின்ல ஓட்டுன?"

"பேஷன்ட்டுங்களுது பழைய மெஷின்ல. அது ரிப்பேராயிடுச்சு இல்ல? நார்மல் எல்லாம் புதுசுல." சிரிப்பு நின்றுபோகிறது. "ஐயோ, ஜஹா."

"மீதி ரத்தம் இருக்குதா?"

"ஒரு சொட்டு இல்லப்பா. அந்த பேஷன்ட்டுங்கள்லயே பாதிப் பேர் இப்ப இல்ல."

தறி ஓய்கிறது. ஒரே ரத்தத்தை இரண்டு மெஷின்களில் ஓட்டினாலும் அளவு கொஞ்சம் மாறும். திரையில் பிரிந்திருப்பவை அந்த இரண்டு மெஷின்கள்தான்; அதற்குள் நோய் எங்கே என்று எந்தக் கணக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது. புதிய நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, நலமானவர்களின் மாதிரிகளோடு மாற்றி மாற்றி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே மெஷினில் ஓட்ட வேண்டும்.