ஏழாவது ஜோடிக் கட்டை

சின்ன விமானத்துக்குள் தலைகீழாகக் கிடந்து, கால்மிதிகளில் தான் செய்த கட்டைகளை முடுக்குகிறாள் பறக்கக் கற்றுத்தரும் இன்ஜினியர் அக்கா. இது ஏழாவது ஜோடி. ‘கால் எட்டாது, வேற வேலை பாரு’ என்று மூன்று விமானப் பள்ளிகள் துரத்திவிட்ட குள்ளச்சி இன்று முதல்முறையாகத் தனியே பறக்க வேண்டும். எட்டாவிட்டால் இன்றும் தரைதான். “மிதிடி.” “எட்டுதுக்கா!” “நுனிக்காலா, முழுப்பாதமா?” “முழுப்பாதம்.” கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இறங்கி, அக்கா கதவைச் சாத்துகிறாள். பக்கத்து இருக்கையில் வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. நன்றியை வாய்க்குப் பதில் காலால் சொல்வதுபோல் குள்ளச்சி இடதும் வலதுமாக மிதிக்கிறாள். மிதிக்கு மிதி, பின்னால் வால் துடுப்பு நாய்வால்போல ஆடுகிறது. அங்கே கண்ணைச் சுருக்கி நிற்கும் அக்கா கத்துகிறாள்: “ரெண்டு பக்கமும் முழுசாப் போகுதுடி, கிளம்பு!”